தண்ணீர் விடாத தூண்

என் அம்மா அன்னத்தாய் பம்பாயில் பதினாறு வருடம் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டாள். அதுதான் அவள் தொழில்.

கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொத்தனாரைச் சொல்வார்கள், கம்பி கட்டுகிறவரைச் சொல்வார்கள். தண்ணீர் விடுகிறவளைச் சொல்வதில்லை. ஆனால் கான்கிரீட் ஊற்றிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் அது ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துபோனால் இறுகுவது நின்றுவிடும். மேல் ஸ்லாப் என்றால் மணலால் வரப்பு கட்டி வயல் மாதிரி நீரை நிறுத்தலாம். தூணில் நீர் நிற்காது. சுற்றிலும் சாக்கைக் கட்டி, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் சாக்கு சொட்டும்வரை ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள். கை நனையாவிட்டால் இன்னொரு வாளி.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கட்டடம் இருக்கிறது. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், மொத்தம் பன்னிரண்டு தூண்கள். அதில் ஏழாவது தூணுக்கு அம்மா தண்ணீர் விடவில்லை. அந்தத் தூண் என்றைக்காவது நொறுங்கும், பக்கத்தில் இருப்பவர்கள் சாவார்கள் என்று ஐந்து வருடம் நம்பினாள். அந்த நம்பிக்கை மாறாமலே இந்த வருடம் ஆகஸ்டில் இறந்தாள். நான் கட்டடப் பொறியியலில் டிப்ளமா படித்தவன். கான்கிரீட்டைச் சோதிப்பது என் வேலை.

நாங்கள் நாங்குநேரிப் பக்கம். அப்பா துறைமுகத்தில் மூட்டை சரிந்து இறந்தது 1953-ல். எனக்கு ஆறு வயது. அப்போது தாராவியில் இருந்தோம். எங்கள் ஊர்க்காரர் சுயம்பு மேஸ்திரி அம்மாவைத் தன் சைட்டுக்குக் கூட்டிப் போனார். முதல் நாள் ஜல்லிக் கூடையைத் தூக்கிவிட்டுத் தடுமாறினாளாம். “இது ஒனக்கு ஆவாது தாயி. அந்த வாளிய எடு. தண்ணிய ஊத்து” என்றாராம் மேஸ்திரி. அதன் பிறகு அவர் போன சைட்டுக்கெல்லாம் அவளும் போனாள். செம்பூரில் வேலை அதிகமானதும் கோவண்டிக்குக் குடிவந்தோம். நடந்தே போய் வரலாம்.

தூண்களோடு பேசுவாள் என்று சைட்டில் அவளைக் கேலி செய்வார்கள். “அன்னத்தாயி, பிள்ளைகளுக்குப் பால் குடுத்தாச்சா?” என்று சாரத்தின் மேலிருந்து யாராவது கத்துவார்கள்.

“குடுத்தாச்சு. ஒன்ன மாதிரி ஒண்ணும் சீக்குப் பிள்ளை இல்ல, எறங்கி வா” என்பாள்.

1964 மே மாதம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத் தூண்கள் எழுந்தன. அதே மாதம் எனக்கு மஞ்சள் காமாலை. பதினேழு வயது. கண், நகம், எல்லாம் மஞ்சள். தண்ணீரைக் கொதிக்க வைத்து நிறையக் கொடுக்கச் சொன்னார்கள். கோவண்டியில் எங்கள் வரிசைக்கு ஒரு குழாய். அந்த மே மாதம் அதில் காற்றுதான் வந்தது. நான்கு நாள் வராமல் ஐந்தாம் நாள் அரை மணி நேரம் வரும். நாற்பது வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் எனக்குத் தண்ணீர் இல்லாமல் போனதே இல்லை. தினமும் சாயங்காலம் அம்மா தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடத்தோடு வருவாள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

உடம்பு தேறி, அடுத்த வருடம் மாட்டுங்காவில் டிப்ளமாவுக்குச் சேர்ந்தேன். 1966-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எய்யா, ஒண்ணு கேக்கேன். ஒரு தூணுக்குத் தண்ணியே விடலன்னு வையி. என்னாவும்?”

புத்தகத்தில் கான்கிரீட் நாளாக நாளாகப் பலம் ஏறுவதைக் காட்டும் ஒரு வளைகோடு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். “நூத்துக்கு நாப்பது பலம் போயிரும்.”

“நாப்பதா?”

“சுமாரா.”

“பெறகு ஊத்துனா வருமா?”

“காஞ்சது காஞ்சதுதான். ஏன் கேக்க?”

“சும்மாதான். சுயம்பண்ணாச்சி கேட்டாவ.”

சுயம்பு மேஸ்திரி முப்பது வருடத் தொழில்காரர். அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்கவே மாட்டார். அது எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தை மறுநாள் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் பேப்பர் மேல் ஒரு கண். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மழைக்காலத்தில் பம்பாயில் பழைய வீடுகள் இடிவது வழக்கம், பேப்பரில் படம் போடுவார்கள். படத்தைக் கொண்டுவந்து என் முன் வைப்பாள். “எங்ஙன இது?” பைக்குலா என்பேன், மாண்ட்வி என்பேன். அதன் பிறகுதான் சாப்பிட உட்காருவாள். சரக்கு ரயில் போகும்போது தண்டவாளம் அதிர்ந்தால் செம்பூர்ப் பக்கமாகத் திரும்பிப் பார்ப்பாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். வயதாகிறது என்று நினைத்தேன். அவளுக்கு நாற்பத்தொரு வயது.

அந்த வருடக் கடைசியில் கட்டடத்தின் கடைகளுக்கு ஆள் வந்தார்கள். நான்காம் எண் கடையை எடுத்தவர் ஜெயினுலாப்தீன் பாய். மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் எங்களுக்கு எதிர்வீடு, அம்மாவை அக்கா என்பார். தோல் பையும் சூட்கேசும் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். செம்பூரில் கடையும் போட்டு, உள்ளேயே மூன்று தையல் மெஷினும் வைத்தார். ஏழாவது தூண் அந்தக் கடைக்குள், பின்மூலையில் நின்றது.

அம்மா தாராவிக்கே போய் அவரைப் பார்த்திருக்கிறாள். இதை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

“பாய், அந்தக் கடை ஒங்களுக்கு வேண்டாம்.”

“ஏன்க்கா? ரோட்டப் பாத்த கடை. ஸ்டேஷன் ரெண்டு எட்டு.”

“வேண்டாம்னா விட்டிருங்க.”

“என்னக்கா, சாய்பு வீட்டுல வந்து மனையடி சாஸ்திரம் பாக்க?” என்று சிரித்தாராம். அவரது மனைவி நஜ்முன்னிசாவும் சிரித்திருக்கிறார். அம்மா காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சுயம்பு மேஸ்திரியின் பெயர் கெடும், அவளுடைய வேலையும் போகும்.

கடை திறந்த மறுவாரத்திலிருந்து அம்மா தினமும் வேலை முடிந்து அங்கே போனாள். ஒரு சிறிய குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்த் தூணின் தலைமட்டத்திலிருந்து மெதுவாக ஊற்றி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வருவாள். காஞ்சது காஞ்சதுதான் என்று நான் சொல்லியிருந்தேன். அப்படியும் ஊற்றினாள்.

ஜெயினுலாப்தீன் பாய் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். எங்கள் ஊர்ப்பக்கம் சுடலை மாடனுக்கு உருவம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி வெள்ளையடித்த ஒரு தூண்தான் சாமி. அதற்கு நீரூற்றி, சந்தனம் பூசி, மாலை போடுவார்கள். திருநெல்வேலிச் சீமைப் பெண் ஒருத்தி வெள்ளையடித்த தூணுக்கு நீரூற்றினால் அந்த ஊர்க்காரன் எவனும் அப்படித்தான் நினைப்பான்.

“அக்கா, நான் அஞ்சு வேளை தொழுறவன். ஒங்க மாடன் எங் கடையில வந்து நின்னுக்கிட்டாரு. சரி, நிக்கட்டும். கல்லாப்பெட்டி மேல தண்ணி தெறிக்காம ஊத்துங்க” என்றாராம். தூணை ஒட்டி அடுக்கியிருந்த சூட்கேஸ்களையும் தள்ளி வைத்தார்.

விஷயம் பரவியது. அந்த ரோட்டில் இஸ்திரி போடுகிறவர், இட்லிக் கடை வைத்திருந்த பிச்சம்மாள், சாரம் கட்டுகிற ஆட்கள், எல்லோரும் எங்கள் பக்கத்துக்காரர்கள். வெள்ளிக்கிழமை ஒருவர் சந்தனம் கொண்டுவந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மாலை. ஆறு மாதத்தில் வெள்ளிதோறும் பத்துப் பதினைந்து பேர். கைக்குழந்தையைத் தூணுக்கு அடியில் படுக்க வைத்து எடுத்தார்கள்.

யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று அம்மா எந்தத் தூணைப் பார்த்துப் பயந்தாளோ, அந்தத் தூணுக்கு அவளே கூட்டம் சேர்த்துவிட்டாள்.

“தள்ளி நில்லுங்க! பிள்ளைய எடு, மூதி! இங்ஙன நிக்காதீங்க!” என்று கத்துவாளாம். அவர்கள் கைகூப்பிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போவார்களாம். மாடன் இறங்கியிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். பிச்சம்மாள் அவளிடம் குறி கேட்டிருக்கிறாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் டிப்ளமா முடித்து டிராம்பேயில் வேலைக்குச் சேர்ந்தேன். அணுசக்தி நகரில் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்தன. அங்கே ஒரு ஒப்பந்தக்காரரின் சோதனைக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைத்து, எத்தனை டன்னில் உடைந்தது என்று எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு முப்பது கட்டி உடைப்பேன். செம்பூர் வழியாகத்தான் பஸ் போகும். நான் ஒரு நாளும் அந்தக் கடைக்குப் போனதில்லை.

இந்த வருடம் ஜூலையில் என்னைப் போனில் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டிய சேட்டின் அலுவலகம். பேசியவர் அவர்களுடைய இன்ஜினியர். “உங்கள் அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார். வந்து கூட்டிப் போங்கள்” என்றார்.

மூன்று மாடிக்கு மேல் நான்காவது மாடி போடப் போகிறார்கள், ஒரு பேங்க் வாடகைக்கு வருகிறது என்று சுயம்பு மேஸ்திரி பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் நேராக அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டாள். நான் போனபோது நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “சாப், சாத் நம்பர் கம்பா. பானி நை தியா. மேரா பேட்டா போலா, சாலீஸ் கம். ஊப்பர் மத் பனாவ்.” ஏழாம் தூணுக்குத் தண்ணீர் விடவில்லை, நாற்பது குறையும் என்று என் மகன் சொன்னான், மேலே கட்டாதீர்கள் என்கிறாள்.

இன்ஜினியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நாற்பது சதவீதம் குறையும் என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். எந்தத் தூணை எப்போது சோதித்தீர்கள்?”

சோதிக்கவில்லை என்றேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னேன்.

ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் தண்ணி விடல?”

“தண்ணி இல்லல்லா அப்பம். டேங்கர் வாறது கணக்குதான். தெனம் ரெண்டு கொடம் கொறஞ்சுது.”

“கொறஞ்சா எல்லாத்துக்கும் கொஞ்சம் கொறச்சு ஊத்த வேண்டியதுதான?”

“பன்னெண்டையும் அரைவயித்துல போடச் சொல்லுதியா? ஒண்ண விட்டா பதினொண்ணு முழுசாக் குடிக்கும். ஏழாவதுக்குத்தான் மத்தியான வெயில் இல்ல. பக்கத்துச் செவரு நெழல் விழும். அதான் அத விட்டேன்.”

“அந்த ரெண்டு கொடம் எங்க போச்சு?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீ குடிச்ச.”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று நான்கு மாதமாக யோசிக்கிறேன். சொன்னது இதுதான்: “தூணு தாங்குமா தாங்காதான்னு சொல்ல நீ யாரு? வாளி தூக்குறவ. எம் மானத்த வாங்கிட்ட.”

அம்மா ரோட்டைக் கடந்து எனக்கு முன்னால் நடந்தாள்.

மேஸ்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். “நான் என்ன செய்ய தாயி? தண்ணி விடலன்னு நீயே போயி ஆபீஸ்ல சொல்லிட்ட. இனி ஒன்ன எந்த சைட்டுல நிறுத்துவேன்?” அவர் அழுதார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நான்காவது மாடிக்கு ஸ்லாப் போட்டார்கள். காலை ஏழு மணிக்கே மிக்ஸர் ஓடத் தொடங்கியது. அம்மா அதற்கும் முன்பே ஜெயினுலாப்தீன் பாயின் கடைவாசலில் நின்றிருக்கிறாள்.

“இன்னைக்குத் தொறக்காதீங்க பாய்.”

“ஆர்டர் கெடக்குக்கா. நாளைக்கு லாரி வருது.”

“அப்பம் தைக்கிற பிள்ளைகளயாவது அனுப்பிருங்க.”

அவர் கடையைத் திறந்தார். அம்மா உள்ளே போய் ஏழாவது தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். மேலே கான்கிரீட் கொட்டும் சத்தம் கீழ்வரை கேட்குமாம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தூணை அழுத்துவாளாம். மாலையில் மேலேயிருந்து மழைநீரும் சிமெண்ட் நீரும் கலந்து பின்சுவர் இடுக்கில் இறங்கி, தூண் வழியாக வழிந்து அவளை நனைத்திருக்கிறது. அவள் விலகவில்லை. தையல்காரர்கள் பயந்து மத்தியானமே கிளம்பிவிட்டார்கள்.

“நீங்க ஏன் மாமா போகல?” என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

“அக்கா நிக்கா. நான் எப்படி மருமவனே எந்திச்சுப் போவேன்? மெஷின்ல ஒக்காந்து வார் தச்சிக்கிட்டே இருந்தேன். அன்னைக்குத்தான் எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னா. மாடனும் இல்ல, ஒண்ணும் இல்ல, எந் தப்பு பாய்னு சொன்னா. சொல்லிட்டு, இப்பமாவது போறீங்களான்னு கேட்டா.”

ஆறு மணிக்கு மேலே வேலை முடிந்தது. அம்மா கோவண்டிக்கு நடந்து வந்தாள். அன்றே குளிர் காய்ச்சல். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள்.

“மேல போட்டாச்சா?” என்று கேட்டாள்.

“போட்டாச்சு.”

“நிக்குதா?”

“நிக்குது.”

“சென்டரிங் பிரிக்கலல்லா இன்னும். பிரிச்சாத்தான் பாரம் எறங்கும். அப்பந்தான் தெரியும்.”

ஈரக் கான்கிரீட்டின் எடை ஊற்றிய அன்றே சென்டரிங் பலகையைத் தாங்கும் முட்டுகள் வழியாகத் தூணுக்கு இறங்கிவிடும். அதைத் தூண் தாங்கிவிட்டது. ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். என்னைவிட அவளுக்குத்தான் சைட் தெரியும். நான் இன்னும் கோபத்தில் இருந்தேன் என்று நினைக்கிறேன். “பேசாமப் படு” என்றேன். ஆகஸ்ட் பதினெட்டு காலையில் இறந்தாள். பத்து நாள் கழித்து சென்டரிங்கைப் பிரித்தார்கள்.

காரியம் முடிந்து அக்டோபரில் வேலைக்குத் திரும்பியபோது என்னால் கட்டி உடைக்க முடியவில்லை. பட்டென்று உடைகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் செம்பூர்ப் பக்கம் திரும்பினேன். பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அது நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே இறங்கினேன். இது நான்கு நாள் தொடர்ந்தது. ஐந்தாம் நாள் சோதனைக்கூடத் தலைவரிடம் கேட்டு ரீபவுண்டு சுத்தியலை வாங்கிக்கொண்டேன். அது முழங்கை நீள உருளை. முனையைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளேயிருக்கும் வில் அடித்துத் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதை அளவுகோல் காட்டும். இறுகிய கான்கிரீட்டில் எண் அதிகம்.

அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை மத்தியானம். ஜெயினுலாப்தீன் பாய் கடையைப் பாதி மூடினார். தூணில் சந்தனம் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. அடிப்பகுதியில் பச்சைப் பாசி. பூச்சை ஒரு அடி சதுரத்துக்குக் கொத்தி எடுத்தேன், சாணைக்கல்லால் தேய்த்தேன், பன்னிரண்டு இடத்தில் அடித்தேன். சராசரி முப்பத்து மூன்று. வெளியே நடைபாதையில் இருக்கும் எட்டாவது தூண் முப்பத்து நான்கு. மாடிப்படிக்குக் கீழே உள்ள மூன்றாவது தூண் முப்பத்திரண்டு. வித்தியாசம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கும் புத்தகத்தில் பதில் இருந்தது. நான் பார்த்துச் சொன்ன வளைகோடு, சோதனைக்கூடத்துக் காற்றில் மாதக் கணக்கில் உலரவிட்ட சின்ன மாதிரிகளுக்கானது. பதினைந்து அங்குலத் தூணின் உள்ளீரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. தவிர, 1964-ல் ஜூன் முதல் வாரமே மழை பிடித்தது. மேலே ஸ்லாப் இன்னும் போடவில்லை. அந்தப் பன்னிரண்டு தூண்களும் வெட்டவெளியில் நின்று நனைந்தன. காய்ந்த கான்கிரீட் மறுபடி நனைந்தால் மறுபடி இறுகத் தொடங்கும். அதற்கான வளைகோடு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பெறகு ஊத்துனா வருமா என்று அவள் கேட்ட அன்று நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

“என்ன மருமவனே?” என்றார் பாய்.

“நல்லாருக்கு மாமா. எல்லாத் தூணும் மாதிரிதான்.”

“நெசமா?”

“நெசமா.”

அவர் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, “இதத் தட்டிப் பாக்க ஒரு மணி நேரந்தான் ஆச்சா?” என்று கேட்டார்.

“ஆச்சு.”

அவர் எழுந்து கடையின் மறுபாதிக் கதவையும் திறந்தார்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தேன். சொந்தச் சோதனைக்கு அறிக்கை எதற்கு என்று தலைவர் கேட்டார். வேண்டும் என்றேன். டைப் செய்கிற ஷ்யாமளா மாட்டுங்காவிலிருந்து வருகிறவள். படிவத்தை மெஷினில் சொருகினாள்.

“சோதனை கேட்டவா பேர்?”

“அன்னத்தாய்.”

“தொழில்னு ஒரு கோடு இருக்கே, என்ன போடட்டும்?”

“தண்ணீர் விடுபவர்.”

விரல் நின்றது. “உங்கம்மாவா? அப்போ பேருக்கு முன்னாடி ‘லேட்’னு சேர்க்கணுமே.”

“வேண்டாம். கேட்டப்போ உயிரோட இருந்தாங்க.”

“சரி. சோதனை நடந்த தேதி பதினொண்ணு பத்து அறுபத்தொம்போது. கேட்ட தேதி?”

“நாள் ஞாபகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுபத்தாறு.”

“மூணு வருஷமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்” என்றேன்.

1966 என்று அடித்தாள்.